தடித்த பக்கம்

கறிக்கடைக்காரருக்கு ஆட்டின் உடம்பு அத்துப்படி. இருபத்திரண்டு வருடமாக அதே கத்தி, அதே மரக்கட்டை. ஈரல் எங்கே, நுரையீரல் எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அதற்கெல்லாம் படம் போட்டு, அம்புக்குறி இழுத்து, பெயர் எழுதி, போதாக்குறைக்கு ஒரு போட்டியும் வைப்பார்கள் என்பது ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

பள்ளி மாணவர்களுக்கான உயிரியல் போட்டி அது. ஏழாவதிலிருந்து ஒன்பதாவது வரை யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். எழுத்துத் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வு ஒன்று. முதல் பத்துப் பேருக்கு விடுமுறையில் ஒரு மாதம் பெரிய ஆய்வுக்கூடத்தில் பயிற்சி.

"ஒன்பதாவது படிக்கிறவங்கதான் எப்பவும் ஜெயிப்பாங்களாம்ப்பா. ஆனா இப்பவே ஆரம்பிச்சாத்தான் அப்போ தாக்குப் பிடிக்க முடியும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் மகள்.

"முதல்ல என்ன பாடம்?"

"இதயம்."

அவருக்கு வாயெல்லாம் பல். மகளின் பாடப் புத்தகங்கள் அவரைக் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு அவள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவதோடு சரி. அவள் ஏதாவது கேட்டுவிடப் போகிறாளே என்று பயந்து, குடிக்கத் தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் எழுந்துபோன நாட்களும் உண்டு. இப்போது இதயமாம்! தானாக வீடு தேடி வந்த வாய்ப்பை விடுவாரா?

மறுநாளே சாப்பாட்டு டப்பாவில் ஓர் ஆட்டு இதயம் வீட்டுக்கு வந்தது. மகள் பள்ளிவிட்டு வரும்வரை அது ஃப்ரிட்ஜில் இருந்தது.

"ஏங்க, பாலை எடுக்கலாம்னு திறந்தா பக்கத்துல இதயம் உக்காந்திருக்கு" என்றாள் மனைவி. "நான் பயந்துபோய்ச் செத்தா என்னையும் அறுத்துப் படிப்பீங்களா அப்பாவும் பொண்ணும்?"

"உன்கிட்ட எங்க இருக்கு இதயம்?" என்றார் அவர். அன்றைக்குத் தட்டைத் தானே கழுவ வேண்டியதாயிற்று.

பழைய செய்தித்தாளை விரித்துப் பாடம் தொடங்கியது. முதல் நாளே ஒரு சிக்கல். அவர் இதயத்தை வைத்த விதமும் புத்தகத்தில் இருந்த படமும் ஒத்துவரவில்லை. கடையில் ஆடு பின்னங்காலில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கும். அதன் வயிறு அவரைப் பார்த்திருக்கும். இத்தனை வருடமும் அவர் பார்த்த இதயமெல்லாம் அப்படித்தான்: கூர்முனை மேலே, பெரிய குழாய்கள் கீழே. ஆட்டின் இடது பக்கம் அவருடைய இடது கைப் பக்கமாகவே இருக்கும்.

கொஞ்ச நேரம் யோசித்தவர் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"இப்போ பாரு, அச்சு அசலா அப்படியே இருக்கு."

மூன்று வாரம் அப்படித்தான் படித்தார்கள். மகள் தலைகீழ் எழுத்தை வாசிக்கவே பழகிவிட்டாள். மேலறை, கீழறை, தமனி, சிரை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். இதயப் படத்தில் எட்டுப் பாகங்களுக்குப் பெயர் எழுத வேண்டும். தேர்வுத்தாளை அவள் நேராகத்தான் வைத்திருந்தாள். மேல் கீழை மனதுக்குள் திருப்பிவிட்டாள். இடது வலதைத் திருப்ப மறந்துவிட்டாள். எட்டும் போச்சு.

டீச்சர் அவரைப் பள்ளிக்கு வரச் சொன்னார். சின்ன வயதுக்காரர், கோபக்காரரும் இல்லை. தேர்வுத்தாளை மேசையில் அவர் பக்கம் நகர்த்தினார்.

"மத்ததெல்லாம் அருமையாப் பண்ணியிருக்கா சார். இதயத்துல மட்டும் எல்லாமே இடம் வலம் மாறியிருக்கு. வீட்ல யாராவது சொல்லிக்கொடுக்கறாங்களா?"

அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார்.

"ஆமா டீச்சர். தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அவரைக் கொஞ்சம் ஒதுங்கிக்கச் சொல்லுங்க. ஆரம்பத்திலேயே தப்பா மனசுல பதிஞ்சா அப்புறம் அழிக்கிறது கஷ்டம்."

"சொல்லிடறேன்."

சொன்னபடியே அந்தத் தெரிஞ்சவரிடம் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து டப்பா வரவில்லை. மகள் கேட்டதற்குக் கடையில் வேலை அதிகம் என்றார். அவள் படிக்கும்போது மறுபடியும் தண்ணீர் எடுக்க எழுந்துபோனார். அவருக்கு வருத்தம்தான், இல்லாமல் என்ன? தனக்குத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்திலும் பெண்ணைக் குழப்பிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள் மகள். பள்ளி சீக்கிரம் விட்ட ஒரு நாள் பையோடு நேரே கடைக்கு வந்து நின்றாள். மத்தியான நேரம், வாங்க ஆளில்லை. அவர் மரக்கட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"டீச்சர் எனக்குச் சரியான பக்கத்தைக் காட்டிட்டாங்கப்பா. ஆனா செய்முறைத் தேர்வுல இதயத்தை எப்படி வேணா வைப்பாங்களாம். கண்ணை மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்களேன்."

மூடினார். அவர் கையில் ஓர் இதயத்தை வைத்தாள். தட்டிலிருந்து எடுத்துப் பல தடவை உருட்டிப் புரட்டித்தான் வைத்திருந்தாள்.

"இதுல இடது எது?"

கட்டைவிரல் ஒரு அமுக்கு அமுக்கியது. "இது."

மறுபடி புரட்டிக் கொடுத்தாள். "இது." மறுபடியும். "இதுதான்." ஐந்து தடவையும் தப்பவில்லை.

"எப்படிப்பா கண்டுபிடிக்கிறீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"தடியா இருக்கே. ஒரு பக்கம் அமுக்கினா அமுங்கும். இந்தப் பக்கம் கெட்டியா நிக்கும்."

மகள் கத்தியே விட்டாள். "இடது கீழறைதான்ப்பா உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுது! அதான் சுவர் தடிமன். வலது கீழறை, பக்கத்துலயே இருக்கற நுரையீரலுக்குத்தானே அனுப்புது. புத்தகத்துல இருக்கு!"

"அப்படியா?" என்றார் அவர். இருபத்திரண்டு வருடமாகக் கைக்குத் தெரிந்ததன் காரணம் அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. மறுநாள் டப்பா மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் ஏறியது. பாலை மனைவி கதவுப்பக்கத் தட்டுக்கு மாற்றிவிட்டாள்.

போட்டி நாளன்று கடையைத் திறக்கவில்லை. தேர்வுக் கூடத்துக்கு வெளியே நீள பெஞ்சில் மற்றப் பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தார். காயத் தழும்பு நிறைந்த கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். "பின்பக்கம் மேல வர்ற மாதிரி வச்சிருந்தாங்கப்பா! பேர் எழுதின குட்டிக் கொடியை ஒவ்வொரு பாகத்துலயும் குத்தணும். நிறையப் பேர் படத்துல இருக்கற மாதிரியே நினைச்சு மாத்திக் குத்திட்டாங்க. எனக்கு முதல்ல கையுறையோட அமுக்கினா ஒண்ணுமே தெரியல. கழட்டிட்டு அமுக்கினேன். உடனே தெரிஞ்சுபோச்சு!"

அவர் அவளைத் தூக்காத குறை. வழி நெடுக அதையே மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. பதினோராவது இடம்.

டீச்சர் மதிப்பெண் பட்டியலை அவரிடம் காட்டினார். இதயத்துக்கு எட்டுக்கு எட்டு. அதற்குக் கீழே ஒரு வரி: கையுறையைக் கழற்றியதால் இரண்டு மதிப்பெண் குறைப்பு. பத்தாவது வந்த பிள்ளைக்கு இவளைவிட ஒரே ஒரு மதிப்பெண் அதிகம்.

"ஏழாவதுல பதினொண்ணுங்கறது பெரிய விஷயம் சார்" என்றார் டீச்சர். பிறகு சிரித்தார். "எப்படிம்மா எட்டும் சரியா வந்துச்சுன்னு அவகிட்ட கேட்டேன். எங்கப்பா சொல்லிக்கொடுத்தார்னு சொன்னா. தெரிஞ்சவர்னு சொன்னீங்களே?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"நாங்க கடையில கையுறை போடறதில்ல டீச்சர். அந்த ரெண்டு மார்க் என்னாலதான் போச்சு."

"அந்த எட்டு?" என்றார் டீச்சர்.

வீட்டில் மகள் அழவில்லை. படுக்கப் போகுமுன், "ஒரே ஒரு மார்க்குப்பா" என்றாள். அவருக்குத் தாங்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தவர்களெல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்தார்கள். அவர் இரண்டு கையிலும் வெள்ளை ரப்பர் கையுறை போட்டிருந்தார்.

"என்ன, டாக்டராயிட்டீங்களா?" என்றார் எதிர்ச் சலூன்காரர். "எங்க, நாடி பாருங்க."

"கழுத்தை நீட்டு, பாக்கறேன்" என்றார் அவர், கத்தியைத் தீட்டிக்கொண்டே. பிடி வழுக்கியது. எலும்பு வெட்ட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். அவர் கழற்றவில்லை.

சாயங்காலம் மகள் கடைப் பக்கம் வந்தபோது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை இறுக்க மூடி, கையுறைக் கைக்குள் ஓர் இதயத்தை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று பார்த்தாள்.

"தெரியுதாப்பா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு இதயத்தை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னும் சரியாப் பிடிபடல. எனக்குப் பிடிபட்டாத்தானே உனக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்? அதான் இப்பவே ஆரம்பிச்சுட்டேன்."

மகள் பையைக் கீழே வைத்தாள். மேசைமேல் இருந்த கையுறைப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடியை உருவி எடுத்தாள். அவள் கைக்கு அது பெரிதாக இருந்தது.