ஒல்லிப் பெட்டி

மனிதகுலத்தின் நலனை முன்னிட்டு இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், புதிய இதய மருந்தின் சோதனை முடிவுகளைக் காட்டும் பெட்டிப் படங்களுக்கு என்ன நிறம் பூசுவது என்று இறுதி முடிவு எடுக்கப்படும். துறைத் தலைவர் தலைமை தாங்குவார். பிஸ்கட் உண்டு.

மின்னஞ்சலில் இதைப் படித்ததும் பெட்டியம்மா தன் படங்களை மறுபடி திறந்து பார்த்தாள். பெட்டியம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். மருந்து உடம்பை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேறும் என்று ஒரு கணக்கு சொல்லும். நோயாளிகள் அந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறார்கள் என்பதை ஆண், பெண், சிறுநீரக நிலை என்று வகைவாரியாகப் பெட்டி போட்டுக் காட்டுவது அவள் பிழைப்பு. குறுக்கே ஒரு பூச்சியக் கோடு. பெட்டி கோட்டின்மேல் உட்கார்ந்தால் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கீழே சரிந்தால், அந்த வகை மனிதர்களின் உடம்பில் மருந்து குடியேறிவிடுகிறது என்று பொருள். இந்த மருந்து மிஞ்சினால் நாடி படுத்துவிடும்.

சிறுநீரகப் படத்தில் நான்கு பெட்டிகள். முதல் மூன்றும் சமர்த்தாகக் கோட்டில் உட்கார்ந்திருந்தன. 'மிக மோசம்' என்ற நான்காவது, கோட்டைத் தொடாமல் பள்ளத்தில் கிடந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் தம்பியின் சிறுநீரகம் அந்த நான்காவது வகை. இதயமும் தாளம் தப்பி அடித்தது. மருந்து எப்போது கடைக்கு வரும் என்று வாரம் தவறாமல் கேட்பான். வந்தால் அவனுக்கு அளவு குறைத்துத் தர வேண்டும். அதைச் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டி.

அவள் நியாயஸ்தி. எத்தனை பேரோ அதற்கேற்ற அகலத்தில்தான் பெட்டி போடுவாள். நாலு பேரை வைத்துக்கொண்டு நானூறு பேர் மாதிரி மிரட்டுவது பித்தலாட்டம் என்பாள். 'மிக மோசம்' வகையில் சோதனைக்கு வந்தவர்கள் ஆறு பேர். பெட்டி ஊதுபத்திக் குச்சிபோல் நின்றது.

கூட்டத்தில் துறைத் தலைவர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, கோடு போடும்போது கை நடுங்கிருச்சா?"

"பெட்டிதான் சார். ஆறு பேர். கோட்டைத் தொடவே இல்ல பாருங்க."

"ஆறு பேரா? ஒரே கார்ல அமுக்கி ஏத்திரலாமே. அவங்களுக்குத் தனி வீடு எதுக்கு? பக்கத்து வீட்டுல குடி வை."

"மூணாவதோட சேத்தா இவங்க காணாமலே போயிருவாங்க சார். அங்க எம்பது பேர்."

"காணாம போனா படம் சுத்தமாயிருச்சுன்னு அர்த்தம்."

பிஸ்கட்டைக் கடித்தபடி புள்ளியியல்காரர் ஒத்து ஊதினார். "ஆறு பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

"சரி சார். ஒண்ணும் சொல்ல முடியலன்னாவது சொல்லுவோமே?"

தலைவர் குரலில் தேன் தடவிக்கொண்டார். "உங்க தம்பிக்குக் கூட கிட்னி கோளாறுதானே? கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா சொந்தக்காரங்களுக்காகப் பெட்டி போடக் கூடாதும்மா. விஞ்ஞானம்னு ஒண்ணு இருக்கு."

அதற்குமேல் அவள் வாய் திறந்தால் தம்பிக்காகப் பேசுவதாக ஆகும். அகலத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருந்தால் இந்த ஆள் பயந்திருப்பான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டாள். பிறகு, போடாததற்கு வெட்கப்பட்டாள். இரண்டு வெட்கத்துக்கும் நடுவில் ஆறு பேரும் பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். புதிய பெட்டி கோட்டின்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தது. மீதிக் கூட்டம் முழுக்க நீலமா, சாம்பலா என்று வாதத்தில் அனல் பறந்தது.

மருந்து வெளிவந்தது. தம்பி சாப்பாட்டு மேசையில் மருந்தோடு வந்த விவரத் தாளை விரித்து வைத்திருந்தான். சிறுநீரகம் எப்படியிருந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை என்று அதில் அச்சாகியிருந்தது.

"அக்கா, இதுல என் பெட்டி எது? மேல போறதா, கீழ போறதா? நம்ம தொழிலாச்சே, நானே ரிப்பேர் பண்ணிக்கிறேன்."

"டேய், சொன்னாக் கேளு. முழுசாப் போடாத."

"டாக்டர்கிட்ட நீ சொன்னதைச் சொன்னேன். இந்தத் தாளைத்தான் காட்டுறாரு. உங்க ஆபீஸ் அடிச்சதுதானே, படிக்கத் தெரியாதான்னு கேட்டாரு. நான் என்னன்னு சொல்ல?"

"அவரு கிடக்காரு. பாதி போட்டுக்கடா."

தம்பி உள்ளங்கையை விரித்து அவள் முன்னால் நீட்டினான்.

அது கேப்சூல். பாதியாக உடையாது.