நாலு மூலைக்கும் கல்கண்டு

வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் வெளுத்து நுரைத்து வந்தவரைக்கும் அனுசுயாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஏலக்காய்த் தூளைக் கொட்டினாள், மைதாவைச் சலித்தாள், மூக்கு நுனியில் ஒட்டிய மாவை மகள் லேகா துடைத்துவிட்டபோது சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஓவன் புதுசு. பிள்ளைகளைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, நாகூரில் தங்கையின் பிரசவத்துக்குப் பத்து நாள் போயிருந்துவிட்டுப் பாபநாசம் திரும்பியபோது, சமையல் மேடையில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து பிரபு பணம் அனுப்பித் தம்பி வெற்றிசெல்வனை வாங்கி வைக்கச் சொன்னானாம். ஆறு வருஷமாகக் கேட்டும் வாங்கித் தராத புருஷன், கேட்பதை விட்டபிறகு வாங்கித் தந்திருக்கிறான். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. லீவு முடிவதற்குள் சர்க்கரை பிஸ்கட் சுட்டே தீர வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டும் ஒற்றைக்காலில் நின்றன. இன்றைக்கு விட்டால் அவளுக்கும் நேரம் கிடைக்காது. நாளை குறுவைக்கு நாற்றங்கால் உழ வேண்டும். விதை மூட்டை கூடத்தில் தயாராகக் கிடந்தது. ஆறு மா வயல், இரண்டு ஏக்கர். பட்டா பிரபுவின் பேரில். ஆனால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரப்பில் நண்டு வளை இருக்கும் என்பதெல்லாம் அவள் காலுக்குத்தான் தெரியும். அவன் கப்பல் பட்டறையில் வெல்டிங் வைத்த ஆறு வருஷமும் சேற்றில் நின்றவள் அவள். ஊர் திரும்பி இரண்டு நாளாகியும் வயல் பக்கம் போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. உழவு பற்றிக் கேட்டால் கொழுந்தன் மட்டும் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தான். மேட்டூர் திறக்கட்டும், தண்ணீர் கடைமடைக்கு வரட்டும், இப்போது என்ன அவசரம் என்றான். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டாள்.

சப்பாத்திக் கட்டையால் மாவைத் தேய்த்துப் பிள்ளைகளிடம் தள்ளினாள். பத்து வயசு லேகா டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டினாள். ஆறு வயசு யுவன் கத்தியும் ஸ்கேலுமாக உட்கார்ந்து, வரிசை வரிசையாகச் சதுரம் போட்டான். நடுவில் நீளமாக ஒரு பட்டையை உருவி எடுத்துவிட்டு, அந்தச் சந்தை விரலால் சுத்தம் பண்ணினான்.

"என்னடா இது, வாய்க்காலா?"

"ரோடும்மா. இருபத்திமூணு அடி ரோடு."

பிறகு கல்கண்டு டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு மூலையில் ஒவ்வொன்றாக அழுத்தினான். வெள்ளை வெளேரென்று நின்றன.

"நாலு மூலைக்கும் கல்லு வச்சாத்தான் பிளாட்டு. நம்ம வயல்ல அப்படித்தான் நட்டிருக்காங்க."

"டேய்," என்றாள் லேகா. முழங்கையால் ஓர் இடி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு 'டேய்'யில் அனுசுயாவுக்குச் சந்தேகம் தட்டியது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மகளின் முகவாயைத் தூக்கினாள். அந்தக் கண்கள் வேறெங்கோ ஓடின.

"சித்தப்பா பைக்ல கூட்டிட்டுப் போய்க் காமிச்சாங்கம்மா. அப்பா உனக்கு சர்ப்ரைஸ் தர்றாங்களாம். வர்ற புதன்கிழமை வயலை எழுதிக் குடுக்கிற பத்திரமாம். முன்னாடியே சொன்னா ஓவனைத் திருப்பிக் குடுத்துருவோம்னாங்க."

பொங்கலுக்கு வந்தபோது பிரபு பத்திர ஆபீசுக்கு அவளை அழைத்துப்போனது ஞாபகம் வந்தது. பட்டாவில் ஏதோ பிழை, திருத்த அலைய வேண்டும், தம்பிக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் உனக்கு அலைச்சல் மிச்சம் என்றான். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் குறைந்தது. இனிஷியலோடு, கோணாமல், அழகாகப் போட்டுக் கொடுத்தாள். உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குடி என்று அவன் சொன்னதும், அவள் வெட்கப்பட்டதும்கூட ஞாபகம் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வயலில் இறங்கி நின்றவளுக்கு மட்டும் தெரியவில்லை. போகட்டும், அண்ணனும் தம்பியும் பெரியவர்கள். அவள் வயிற்றில் பிறந்தது இரண்டையும் இந்த ஓவன் பெட்டியைக் காட்டியல்லவா விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்?

லேகா அழ ஆரம்பித்தாள். யுவன் வட்டங்களுக்கும் கல் வைக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தட்டை அப்படியே ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். போனை எடுத்து டிராக்டர் கலந்தர் பாயைக் கூப்பிட்டாள்.

"பாய், நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துருங்க."

"தம்பி வேணாம்னு சொல்லிட்டாரேம்மா. அங்க கல்லெல்லாம் நட்டுக் கெடக்கு. கலப்பை மாட்டும்."

இவருக்கும் தெரிந்திருக்கிறது.

"நீங்க வாங்க பாய். கல்லை நான் புடுங்கிப் போட்டுக்கறேன்."

வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு வழக்கம்போலப் பிரபுவின் வீடியோ கால் வந்தது. இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மேடம், ஓவன்ல என்ன வேகுது?"

"நீங்களே பாருங்க," என்றாள். போனைச் சர்க்கரை டின்னில் சாய்த்து, கண்ணாடிக் கதவுக்கு நேராக வைத்தாள்.

உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் சதுரங்கள் உப்பிக்கொண்டிருந்தன. ஓரம் சிவந்து, ஒன்றோடொன்று ஒட்டி, யுவன் போட்ட ரோடு இரண்டு பக்கமும் நெருங்கி மூடிக்கொண்டிருந்தது. "யாரு சொன்னா?" என்றது போன். கல்கண்டு மட்டும் ஒன்றுகூட உருகாமல், நட்ட இடத்தில் நின்றது.