கொழுந்து மடுவத்தில் இரண்டு பேஸ் பொக்ஸ்

பன்னீர்செல்வம் எழுந்தான். பீலித் தண்ணீரில் முகம் கழுவினான். அடுப்பைப் பற்ற வைத்துக் கேத்தலை ஏற்றினான். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கிப் பிளேன்டீ குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை அயன் பண்ணினான். முதலில் கொலர், பிறகு கைகள், பிறகு முதுகு. முதுகுக்கு வந்தபோதுதான் இன்று சனிக்கிழமை, படிப்பிக்கப் போகப் பள்ளிக்கூடம் இல்லை என்பது நினைவு வந்தது. மீதியையும் அயன் பண்ணி முடித்தான்.

ஆணியில் சட்டையை மாட்டிவிட்டுத் திரும்பினால் வாசலில் மாமனார் முத்துவீரனும் மாமியார் மூக்காயியும் நிற்கிறார்கள். மூக்காயி புதுச் சேலை உடுத்தியிருந்தாள். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம்.

"தம்பி, வார மாசம் தனுஜாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். கட்டாயம் வந்துறணுங்க" என்றாள் மூக்காயி.

தனுஜா, துஷ்யந்தியின் தங்கை. துஷ்யந்தி பன்னீரின் மனைவி. போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பிள்ளையும் இல்லை.

தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான். அது கனத்தது. வெற்றிலை வைத்து அழைப்பது ஊராரை. வீட்டின் மூத்த மருமகன் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள்கூடத் தெருத்தெருவாக நடக்க வேண்டியவன். முன்பெல்லாம் மூக்காயி இந்த வீட்டுக்குள் செருப்போடு வருவாள். வந்ததும் சட்டியைத் திறந்து பார்ப்பாள். "இது ரசமா, சட்டி கழுவுன தண்ணியா?" என்று மகளையும் மருமகனையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்குவாள். இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைப் பாதி குடித்து, நன்றி சொல்கிறாள்.

"செட்டு நம்ம செட்டுதானே அத்தை?" என்று கேட்டான்.

பன்னீரும் அவன் கூட்டாளி சாள்ஸும் சேர்ந்து ஒரு சவுண்ட் செட் வைத்திருந்தார்கள். ஒரு அம்பிளிபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், இரண்டு சின்ன பொக்ஸ், இரண்டு மைக். எல்லாம் சாள்ஸின் த்ரீவீலருக்குள் அடங்கிவிடும். புளத்கொகுபிட்டியவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, திருவிழா எதுவானாலும் அந்தச் செட்தான்.

மூக்காயி புருஷனைப் பார்த்தாள். முத்துவீரன் வாழைப்பழத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எதுக்குத் தம்பி செரமம். மாப்ள வீட்டுக்காரங்க வரக்காப்பொலையிலிருந்து செட்டு கொண்டாறாங்களாம். ஒங்க செட்டுல அடி, அதாங்க பேஸு, இல்லைன்னு மாப்ளையோட கூட்டாளிங்க சொல்றாங்க."

"அடி போட்டுக்கலாம் அத்தை."

"போட முடியுமா?"

"முடியும். அவங்கள வர வேணாம்னு சொல்லுங்க."

அவர்கள் போன பிறகு சாள்ஸிடம் விஷயத்தைச் சொன்னான். சாள்ஸ் நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்தை நாற்பது வார்த்தையில் சொல்கிற ஆள். அன்றைக்கு மட்டும் சட்டென்று விஷயத்துக்கு வந்தான்.

"மச்சான், ஒனக்கு பேஸா முக்கியம்? அந்த ஊட்டுல நீ இன்னும் ஆளா இல்லையான்னு பாக்கணும், அதானே?"

பன்னீருக்கு வேண்டியதும் அதுதான்.

"அப்ப இதையும் கேட்டுக்க. ஒங்கத்தை நலுங்குல பாடப் போறாங்களாம்."

மூக்காயியின் கேலிப் பாட்டு அந்தப் பக்கத்தில் பிரசித்தம். நலுங்கு வைக்கும்போது மைக்கைப் பிடித்தால் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் மாமன், மச்சான், கொழுந்தன் என்று ஒருவரையும் விடமாட்டாள். மானம் கப்பலேறும். ஆனாலும் பெயர் வராதவர்கள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சொந்தக்காரனைத்தான் அவள் கேலி செய்வாள், மற்றவனுக்கு வணக்கம் சொல்வாள். மகள் போன பிறகு அவள் எந்த வீட்டிலும் பாடவில்லை.

பஜாரில் ரேடியோ திருத்துகிற ஜுனைதீன் நானாவிடம் பழைய பேஸ் ஸ்பீக்கர் இரண்டும், அதற்கென்று ஒரு சின்ன அம்பிளிபயரும் கிடைத்தன. அந்த அம்பிளிபயரில் திருகு ஒன்றே ஒன்றுதான்.

"மாஸ்டர், இந்தத் திருகக் கண்டா எல்லாருக்கும் கை அரிக்கும்" என்றார் நானா. "பாத்துக்கோங்க."

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வயரும் காந்தமுமாக இரண்டு பெரிய வட்டங்களைத் த்ரீவீலருக்குள் கண்ட பொலிஸ்காரரின் முகம் மாறியது. சாள்ஸ் இறங்கி, தோட்டத்துக் கல்யாணம், மணப்பெண், மாமியார், மாப்பிள்ளையின் கூட்டாளிகள் என்று சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னான். பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார் பொலிஸ்காரர். வண்டி பெற்றரியில் கொடுத்துப் போட்டுக் காட்டினார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பேஸ் மதி" என்றார். போதாதாம்.

"பொட்டி இன்னும் செய்யல்ல மாத்தயா" என்றான் சாள்ஸ். போகச் சொல்லிவிட்டார்.

பெட்டிக்குப் பலகை தேடவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெட்டி என்றால் தேயிலைப் பெட்டிதான். ஃபெக்டரியில் கழித்துப் போட்டதில் நல்லதாக இரண்டைக் கேட்டு வாங்கி, வட்டமாக வெட்டி, ஸ்பீக்கரைப் பூட்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். பார்க்க வரக்காப்பொல செட் பிச்சை வாங்க வேண்டும்.

கல்யாணச் சாப்பாடும் நலுங்கும் கொழுந்து மடுவத்தில். பறித்த கொழுந்தை நிறுக்கிற, இரண்டு பக்கம் சுவரும் இரண்டு பக்கம் திறப்புமான தகரக் கொட்டகை அது. அங்கேயே ஒரு பின்னேரம் பூட்டிப் பார்த்தார்கள். பாட்டைப் போட்டதும் முதலில் பெட்டிக்குள் ஒரு வண்டு பறந்தது. பிறகு கூரை நடுங்கியது. கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"மாஸ்டர், மடுவத்துக்குக் குளிர் காச்சலா?" என்றாள் மருதாயி. அவளுக்கு எல்லாவற்றிலும் முதல் வார்த்தை வேண்டும். "ரெண்டு பெனடோல் குடுங்க!"

வண்டு வேறொன்றுமில்லை. தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கிற ஈயத்தாள். அதை முன்பே உரித்திருக்கலாம் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. உரித்தார்கள். வண்டு போனது. மெல்லிய பலகை மட்டும் இன்னும் தானாக முனகியது. உள்ளே ஏதாவது அடைக்க வேண்டும். சாள்ஸ் ஒரு சாக்கு நிறைய ரப்பர் ஒட்டுப்பால் கொண்டு வந்து அடைத்தான். முனகல் நின்றது. ஆனால் நாற்றம் கிளம்பியது. அந்தப் பெட்டி கிட்ட இருந்தால் கல்யாண வீட்டில் ஒருவன் சோறு தின்ன முடியாது. எல்லாவற்றையும் வெளியே கொட்டினார்கள்.

பன்னீர் வீட்டுக்குப் போனான். கட்டிலில் இரண்டு தும்பு மெத்தைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று போதும். மற்றதைக் கொண்டு வந்து பிரித்து, தும்பை இரண்டு பெட்டிக்கும் அடைத்தான். சாள்ஸ் சிந்திய தும்பை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கொடுத்தான்.

பெட்டி சரியானது. ஆனால் சத்தம் சரியாகவில்லை. பேஸைக் கூட்டினால் குரல் முங்கியது. குரலைக் கூட்டினால் மைக் கூவியது. கீச்சைக் கூட்டினால் காதுக்குள் தகரம் கிழிந்தது. மூன்றையும் கூட்டியபோது கணக்கப்பிள்ளை ஓடி வந்து, எங்கேயாவது லொறி புரண்டுவிட்டதா என்று கேட்டார்.

பன்னீர் ஆசிரியர் கலாசாலையில் ஒலியைப் பற்றிப் படித்தவன். படித்ததில் பிழை இல்லை. படித்த புத்தகத்தில் மடுவம் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்கினான். பெட்டிகளைச் சுவரோரத்திலிருந்து இழுத்து வெளியே வைத்தான். மூலையில் இருந்தால் பேஸ் தானாகப் பெருகியது. பேசுகிற மைக்கின் சத்தம் பேஸ் பக்கம் போகாதபடி வயரை மாற்றினான். தப்பு மேளத்துக்கு வைக்கிற மைக்குக்கும் போடுகிற பாட்டுக்கும் மட்டும் பேஸ். மனிதக் குரல் பழைய பொக்ஸில். பிறகு சாள்ஸின் கையில் மைக்கைக் கொடுத்தான்.

"என்னத்த பேச?"

"ஏதாவது பகிடி சொல்லு."

பன்னீர் கடைசித் தூணுக்குப் போய் நின்றான். அம்பிளிபயருக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். சாள்ஸ் பகிடி சொன்னான். சிரிக்க வேண்டிய இடம் கடைசித் தூணுக்குத் தெளிவாக வந்து சேரும்வரை குரலைச் சரி பண்ணினார்கள். அதற்குப் பிறகு பாட்டைப் போட்டு, பேஸைப் பூச்சியத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமான இடத்தில் நிறுத்தச் சொன்னான்.

"இதென்ன மச்சான், பேஸே கேக்கல!"

"இப்ப மூடு."

சாள்ஸ் மூடினான். பாட்டு சட்டென்று மெலிந்து, காலில்லாமல் நின்றது.

"அட!" என்றான் சாள்ஸ்.

"திற."

திருகில் அந்த இடத்தில் பன்னீர் பள்ளிக்கூடச் சோக்கால் ஒரு கோடு போட்டான்.

கல்யாணத்தன்று கோயிலில் தாலி கட்டி முடித்து, நடுப்பகலுக்கு எல்லாரும் மடுவத்துக்கு வந்தார்கள். ஆட்கள் நிறைந்ததும் சத்தம் மாறிவிட்டது. இத்தனை சேலைகளும் சேர்ந்து கீச்சையெல்லாம் குடித்துவிட்டன. பன்னீர் கடைசிப் பந்திக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, குரலைக் கொஞ்சம் ஏற்றி, பேஸைக் கோட்டுக்குக் கீழே ஒரு மயிரிழை இறக்கினான். மாப்பிள்ளை கிருஷ்ணகுமாரின் கூட்டாளிகள் உடனே வந்துவிட்டார்கள்.

"அண்ணே, நெஞ்சுல இடிக்கிற மாதிரி போடுங்கண்ணே!"

"நெஞ்சுல இடிச்சா மாப்ள தாங்குவாரா? இப்பதானே தாலி கட்டுனாரு" என்று சாள்ஸ் குறுக்கே நின்றான்.

சாப்பாட்டின் நடுவில் பெண்கள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் நலுங்குக்கு உட்கார வைத்தார்கள். மூக்காயி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கை வாங்கினாள். அவளுடைய அண்ணன் பிள்ளைகள் தப்பைத் தட்டினார்கள். அவள் பாடினாள்.

ஒன்றுமே விளங்கவில்லை. தப்பு மட்டும் இடி இடியென்று இடித்தது. யாரும் சிரிக்கவில்லை. இலைகள்கூட நடுங்கின. மூக்காயி பாதியில் நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தாள். அயலார் வீட்டில் நிற்கிறவளின் அந்தப் பார்வையைப் பன்னீருக்குத் தெரியும். ஒரு வருஷமாக அவனை அவள் அப்படித்தான் பார்க்கிறாள். இன்னும் ஒரு மூச்சில் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

சாள்ஸ் சோடா எடுக்கப் போயிருந்தான். அந்த இடைவெளியில் மாப்பிள்ளையின் கூட்டாளிப் பயல் ஒருவனின் கை திருகில் இருந்தது. பன்னீர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து எடுத்தான். கோபத்தில் முழுவதுமாக மூடிவிடத்தான் நினைத்தான். மூடினால் தப்பு வெறும் தகர டப்பா, பாட்டுக்கு நடை இருக்காது. கோட்டுக்குக் கொண்டு வந்தான். ஒரு மயிரிழை இறக்கினான். மாமியாரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"பாடுங்க அத்தை."

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"வரக்காப்பொல சந்தையில வாழக்கா விக்கிற மாப்பிள்ள
வாங்கி வந்த கோட்டுக்குள்ள ஆளக் காணோம் தேடுங்க!"

கடைசிப் பந்தியிலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை கோட்டுக்குள் இன்னும் சுருங்கினார். தனுஜா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"ரம்புக்கன ரயிலடியில் ராசாவாட்டம் நின்ன மாமன்
ரயிலு ஊதக் கேட்டதுமே மரத்து மேல ஏறுனாரு!"

மாப்பிள்ளையின் தாய்மாமன் உண்மையிலேயே ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர். எழுந்து நின்று சபைக்குக் கும்பிடு போட்டார். "ஏறுன மரத்துல எங்க சம்பந்திதான் ஒக்காந்திருந்தாரு!" என்று அவர் திருப்பிக் கத்த, முத்துவீரனுக்குச் சிரிப்பில் புரையேறியது. திருகைக் கூட்டிய பயலே விசில் அடித்தான். மூக்காயிக்குக் குரல் ஏறிவிட்டது. மச்சானைப் பாடினாள், கொழுந்தனைப் பாடினாள், சின்ன மாமியாரின் கொண்டையைப் பாடினாள்.

பன்னீர் பேஸ் பெட்டிக்குப் பின்னால் நின்றான். கை திருகின் மேல் இருந்தது. வரிசை முடியப் போகிறது என்று தெரிந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் அவள் பாடாமல் விட்ட ஆள் இனி யாருமில்லை; தன் பெயர் மட்டும் வரவில்லை.

மூக்காயி பாட்டை முடித்துவிட்டாள். தப்பும் நின்றது. கூட்டம் கைதட்டியது. மைக்கைக் கொடுக்கத் திரும்பியவள் கொடுக்காமல் நின்றாள். பெட்டியின் மேல் தெரிந்த தலையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் சொன்னது மடுவத்தின் கடைசித் தூண் வரைக்கும், அதற்கப்பால் ரோட்டில் நின்றவர்களுக்கும், ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது.

"அந்தா ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறாரு பாருங்க எங்க மூத்த மருமகன், பொட்டிக்கெல்லாம் வயிறு வச்சிட்டு தன் வயித்த ஒட்டப் போட்டுக்கிட்டு! யாராச்சும் இழுத்தாந்து எல முன்னால ஒக்கார வைங்க, இல்லாட்டி நானே வந்து காதப் புடிச்சி இழுத்தாருவேன்!"