வெள்ளிக்கிழமை மதியத்து வெல்டிங்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் கணவரின் தங்கை ரெங்கானிஸ் வறுத்த மீனை ஓரமாகத் தள்ளிவிட்டு, நகத்தளவு உலோகத் துண்டு ஒன்றை என் தட்டருகே வைத்தாள். குறுக்காக வெட்டி, பளபளவென்று தேய்த்த துண்டு. பூதக்கண்ணாடியையும் நீட்டினாள்.

"என்ன தெரியுது, தேத்தே?" எங்கள் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கடைவாய்ப்பல்லு. வேரோட."

"அந்த வேருதான் என் பொழைப்பு."

காராவாங் நகரில் பேட்டரி செய்யும் தொழிற்சாலையில் அவள் வெல்டிங் பொறியாளர். வரிசையாக நிற்கும் செல்களின் தலையில் அலுமினியப் பட்டையை லேசர் பற்றவைக்கும்; உலோகம் உருகி உள்ளே இறங்குவதுதான் வேர். வேர் ஆழமில்லாமல் போனால் பேருந்து குலுங்கக் குலுங்கப் பட்டை விட்டுப்போகும். அதிகம் இறங்கினால் செல்லே ஓட்டையாகித் தீப்பிடிக்கும். எவ்வளவு இறங்கலாம் என்று முடிவு செய்வது ரெங்கா.

அன்றே ஒரு தொடக்கம் எழுதினேன்: 'நெல்வயல்களுக்கு நடுவே, நீலநிற லேசர் ஒளி சிந்தும் அந்தக் கூடத்தில்...'

(படித்துவிட்டுச் சிரித்தாள். அந்த லேசர் கண்ணுக்கே தெரியாதாம். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

வெட்டிப் பார்த்த துண்டுகளில் சிலவற்றுக்கு மட்டும் வேர் குட்டையாக இருந்தது. எல்லாமே வெள்ளிக்கிழமை மதியத்தில் செய்தவை. கூட்டம் போட்டார்கள். மேலாளர் பாக் தோகார் ('பாக்' என்றால் ஐயா), மெஷினை ஓட்டுகிற கோசிமைப் பார்த்துக் கேட்டார்.

"தொழுகைய முடிச்சு, வயித்த நெறச்சுக்கிட்டு வந்தா வேல எப்படி ஓடும்? தூக்கம்தான் வரும்."

"பாக், பட்டைய அழுத்திப் புடிக்கறது மெஷினு. நான் பொத்தானத்தான் அமுக்கறேன். பொத்தானுக்கும் தூக்கம் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தோகார் சிரிக்கவில்லை. அந்த மாதத்தோடு கோசிமின் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரெங்கா அந்தக் கூட்டத்தில் இருந்தாள். எதுவும் பேசவில்லை.

(தோகாரை எப்படி எழுதுவது என்று எனக்கொரு சந்தேகம். முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதி, பெரிய மீசையும் வைத்திருந்தேன். "அவருக்கு மீசையே கெடையாது. நம்ம அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப ராத்திரியெல்லாம் கூட இருந்தாரு, மறந்துட்டீங்களா?" என்றாள் ரெங்கா. மீசையை எடுத்தேன். கூட்டத்தில் சொன்னதை எடுக்க முடியாது, அவர் சொன்னதுதானே.)

3

அடுத்த வெள்ளிக்கிழமை ரெங்கா, 'காங்' (அண்ணன்) என்று அவள் கூப்பிடும் கோசிமின் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். வேலையில் ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்குள் அரிக்கத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைக்கு என்ன தனி? மற்ற நாட்களில் ஆட்கள் மாறி மாறிச் சாப்பிடப் போவார்கள், மெஷின் நிற்காது. வெள்ளியன்று ஆண்கள் எல்லோரும் மசூதிக்குப் போவதால் அது நெடுநேரம் சும்மா கிடக்கும்.

தோகாரிடம் போனாள். "செவ்வாக்கிழம மதியம் மெஷினக் கொஞ்ச நேரம் நிறுத்தணும், பாக்."

"எதுக்கு? மேல கேட்டா நான் என்ன சொல்றது?"

"செவ்வாக்கிழமைக்கும் தூக்கம் வருதான்னு பாக்கணும்னு சொல்லுங்க."

அவர் முறைத்தார். ஆனால் விட்டார்.

அன்று கோசிம் விடுப்பு; ஓட்டியது ஒரு பெண். நிறுத்திவைத்த பிறகு வந்த முதல் துண்டுகளை ரெங்கா வெட்டித் தேய்த்துப் பார்த்தாள். குட்டை வேர். அடுத்தடுத்தவற்றில் வேர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போய், சரியான ஆழத்தில் நின்றது.

லேசர் ஓட ஓட லென்ஸ் சூடாகிறது. சூட்டில் ஒளி குவிகிற இடம் நகர்கிறது. நெடுநேரம் நின்றால் லென்ஸ் ஆறி, குவியம் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. ரெங்கா அளவுகளை முடிவு செய்தது, காலையிலிருந்து ஓடிச் சூடேறிய மெஷினில். ஆறிய மெஷினில் அவள் சோதித்துப் பார்க்கவே இல்லை.

"கண்டுபுடிச்ச ஒடனே சந்தோஷமாத்தான் இருந்துச்சு, தேத்தே. அதான் அசிங்கம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கோசிம் ஞாபகம் வந்துச்சு."

4

இந்த இடத்தில் கதைக்கு இரண்டு வழிகள் எழுதினேன்.

ஒன்று: ரெங்கா யாரிடமும் சொல்லாமல் அளவுகளைத் திருத்திவிடுகிறாள். வெள்ளிக்கிழமைத் துண்டுகள் சரியாகிவிடுகின்றன. கோசிம் போனதால்தான் சரியானது என்று எல்லோரும்

(இதைப் பாதியில் நிறுத்தினேன். "இத நானும் நெனச்சேன். அப்படியே விடுங்க, அடிக்காதீங்க," என்றாள்.)

இன்னொன்றில் ரெங்கா மேசையைத் தட்டி நியாயம் கேட்கிறாள். அவளைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.

நடந்தது இது. தோகாரின் அறைக்குப் போய், நின்றபடியே சொன்னாள்: "தப்பு காங் கோசிம் மேல இல்ல, பாக். அளவு வச்சது நான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு. "வெள்ளிக்கிழம செஞ்சதெல்லாம் எங்க போயிருக்கு?"

பாண்டுங்கில் ஓடும் பேருந்துகளுக்குப் போயிருந்தன. பேருந்துகளை நிறுத்தி, பேட்டரிகளைத் திறந்தார்கள். சில பட்டைகள் விரலால் இழுத்ததும் கையோடு வந்தன. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. இப்போது மெஷின் நின்று கிளம்பும்போதெல்லாம் முதலில் கழிவுத் துண்டுகளைப் பற்றவைத்துச் சூடேற்றுகிறார்கள். ரெங்காவுக்கு வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதற்குள் ஒப்பந்தம் முடிந்து போய்விட்ட கோசிமைத் திரும்ப வரச் சொல்லித் தோகார் ஆள் அனுப்பினார். கோசிம் வரவில்லை.

5

ரெங்காவை நான்தான் மோட்டார் சைக்கிளில் கோசிமின் ஊரான ரெங்காஸ்டெங்லோக்குக்குக் கூட்டிப்போனேன். கோசிமின் மனைவி வாசலில் வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கோசிம் வெளியே வந்து, எப்போதும்போல 'இபு', அம்மா, என்று மரியாதையாகவே அழைத்தார்.

"இபு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. மெஷினு உடஞ்சு போச்சா?"

"இல்ல, காங். உங்க மேல தப்பே இல்லன்னு சொல்ல வந்தேன்."

"அது எனக்கு அப்பவே தெரியுமே. அந்த ரூம்ல நீங்களும் இருந்தீங்க, இபு."

ரெங்கா தலையாட்டினாள். அவர் உள்ளே போய் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தேன். பிறகு என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் காதில் விழுந்தது. எழுதியும் வைத்திருந்தேன். பிரதியைப் படித்த ரெங்கா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இத மட்டும் எடுத்துடுங்க, தேத்தே. மத்ததெல்லாம் என்னோடது. இது அவரோடதும்தான்."

எடுத்துவிட்டேன். கோசிமைக் கேட்காமல் அதை எழுத எனக்கு உரிமையில்லை. கேட்கத் துணிச்சலும் இல்லை. அந்த இருவரையும் இவ்வளவு தூரம் அறிந்துவிட்ட உங்களுக்கு மிச்சம் தெரிந்திருக்கலாம். எனக்கு எழுத அனுமதி உள்ள கடைசி வரி இதுதான், அதுவும் பாதி:

கோசிம் நாற்காலியை வாசலில் வைத்து, தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார், துடைத்துவிட்டு