பெரிலின் பூத்தண்ணி

என் நாத்தனார் பெரில் கொண்டுவந்து வைத்த பழுப்புக் குப்பியை நான் திறந்து மோந்து பார்த்திருக்க வேண்டும். பூத்தண்ணி என்றாள். பூவால் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கிளைவ் குடியை விட்டு ஏழு வருஷம். அந்தக் காலத்தில் குடித்துவிட்டு வந்தால் மேட்டுப் பாதையில் சீட்டியடித்துக்கொண்டே ஏறி வருவார். சீட்டி கேட்டதும் நான் பீங்கான் தட்டுகளை மேல் பலகையில் ஏற்றி வைப்பேன். குடி நின்றது, சீட்டியும் நின்றது. அந்த இடத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எதைக் கண்டு பயம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஜன்னலைச் சாத்து என்பார், சாத்தினால் திற என்பார். போகட்டும், தட்டுகளாவது உடையாமல் இருந்தன.

அண்ணன் நடுங்குவது பெரிலுக்குப் பொறுக்கவில்லை. இங்கிலாந்தில் எங்கள் ஹியர்ஃபோர்டு பக்கத்தில் எந்தக் கவலைக்கும் ஒரு பூவை மருந்தாகச் சொல்ல ஆள் உண்டு. அவர்களிலும் இவள் மகாராணி. காரணமில்லாத பயத்துக்கு ஆஸ்பென் பூத்தண்ணி குடிக்க வேண்டுமாம். காற்றில்லாமலே இலை நடுங்குகிற மரம்.

சனிக்கிழமை துவைக்க எடுத்த அவர் தோட்ட வேலைக் கோட்டுப் பைகளில் பதினோரு காலிக் குப்பிகள் இருந்தன. ஒன்றை மோந்து பார்த்தேன். அள்ளிக்கொண்டு நேராகப் பெரில் வீட்டுச் சமையலறைக்குப் போனேன்.

"இதுல என்னடி கலக்குற?"

"பூவை வேகவெச்ச தண்ணி, நோரீன்."

"அப்புறம்?"

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கெட்டுப்போகாம இருக்க பிராந்தி. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நாலு சொட்டுதானே!"

குப்பிகளை மேஜைமேல் கொட்டினேன். "இது நாலு சொட்டா? இதுல பூ எங்கடி இருக்கு? முக்காலும் பிராந்தி!"

"அவனேதான் வந்து கேட்டான். பயம் விட்டுப்போச்சு பெரில், இன்னொண்ணு குடுன்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா?"

"குடிகாரன் வந்து மருந்து நல்லா கேக்குதுன்னா, உனக்கு யோசனை வர வேணாம்? மண்டையில என்ன இருக்கு, அதுலயும் பூவா?"

பெரில் அழவில்லை. கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "ஏழு வருஷம் அவன் நடுங்கினானே, ஒரு நாள் என்னன்னு கேட்டியா? அவன் பயந்து கிடந்தாத்தான் உனக்கு சௌகரியம்."

பாவி. பொய்யாக இருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது. அலமாரியில் இருந்த பிராந்தி பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன். அவள் தடுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, கழுவிப்போட்ட தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தேன். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கீழே மேட்டுப் பாதையில் யாரோ சீட்டியடித்தார்கள். ஏழு வருஷத்துக்கு முந்தைய அதே பாட்டு. இரண்டாவது வரியில் அதே இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக ஏறி வந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். வைக்கப்போன பீங்கான் தட்டு, என் கையில் நிற்காமல், மேல் பலகையில் டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.