பால்டிமோரில் தோமஸின் கல்லறை

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வரும் என்று மகன் கெல்வின் சொன்ன நாளிலிருந்து மரியநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டவர்களுக்கு வாய்வு என்று சொன்னாள். வாய்வுமில்லை, ஒரு மண்ணுமில்லை. இருபத்தேழு வருசத்துக்கு முன் தன் கையால் எழுதிய ஒரு கடிதம் அந்த அமெரிக்காக்காரியிடம் இன்னமும் இருக்குமோ, அதைத் தன் புருசனுக்கு முன்னால் எடுத்துக் காட்டிவிடுவாளோ என்ற பயம்தான் அவளை உலுப்பிக்கொண்டிருந்தது.

எல்லாம் இந்தக் கெல்வினால் வந்த வினை. இங்கே ஒக்லாந்தில் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்குக்கே மேற்பார்வையாளன், நாற்பது வயதுக்காரன், தந்தையர் தினத்துக்குத் தகப்பனுக்குப் போட ஒரு சேட்டு வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா? டிஎன்ஏ பார்க்கிற பெட்டியொன்றைக் கொண்டுவந்து, "அப்பா, இதுக்குள்ள துப்புங்கோ" என்று நீட்டினான். தோமஸும் சிரித்துச் சிரித்துத் துப்பிக் கொடுத்தார். ஆறு கிழமையில், ஒன்றரை மாசம் கழித்து, பதில் வந்தது. அவருடைய இரத்தத்தில் பாதிக்குக் கிட்ட ஆப்பிரிக்கா. கூடவே பால்டிமோரில் வெர்னிஸ் என்று ஒருத்தி. ஒரே தாய், ஒரே தகப்பன், கூடப்பிறந்த தங்கை.

எழுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குத் தங்கை கிடைத்தால் என்ன செய்வார்? தோமஸ் பிளாட் புஷ்ஷில் இருந்த தங்கள் வீட்டை முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தே தேய்த்தார். "உன்னைப் பெத்தவ காய்ச்சலிலை செத்துப்போனா" என்பதற்குமேல் அவருடைய தகப்பன் அந்தோனிப்பிள்ளை எதையும் சொன்னதில்லை. அந்தோனிப்பிள்ளை கப்பல்காரன். உலக யுத்தக் காலத்தில் பால்டிமோரில் இறங்கி, லுயெல்லா என்ற கறுப்பினப் பெண்ணைக் கட்டி, ஐந்தாறு வருசம் குடும்பம் நடத்தி, ஒருநாள் மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கப்பலேறிவிட்டான். அவள் வயிற்றில் அப்போது வெர்னிஸ் இருந்தாள். இவ்வளவும் வெர்னிஸ் எழுதித்தான் தோமஸுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் அவருடைய சுருட்டை முடியைப் பார்த்து "காப்பிலி, காப்பிலி" என்று கறுப்பரை இழிக்கிற சொல்லால் கத்தினார்கள். அதற்குப் பயந்தே மனிதர் வாழ்நாள் முழுக்கத் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு திரிந்தார். பதில் வந்த நாளிலிருந்துதான் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

மரியநாயகிக்கு இதெல்லாம் புதினமேயில்லை. தொண்ணூற்றெட்டில் அவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குள் இருந்தார்கள். மூத்தவள் ரேச்சலுக்கு ஒக்லாந்திலிருந்து ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளை பேசி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிளை கிளையாகத் துருவிக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் சரி, உங்கட அவற்ற தாய் ஆரவை?" என்ற கேள்வியில் வந்து நின்றது பேச்சு. அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணத்துப் பங்குச் சாமியார் அனுப்பிவைத்த கடிதம் வந்தது. லுயெல்லா இலங்கையிலுள்ள கோயில் கோயிலாக வருசக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாளாம். உள்ளே ஒரு படம், கைக்குழந்தையோடு ஒரு கறுப்புப் பெண். "என் மகன் தோமஸ் அங்கே இருக்கிறானா? உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வரி எழுதினால் போதும். வேறெதுவும் கேட்கமாட்டேன்."

தோமஸ் வேலைக்குப் போயிருந்தார். மரியநாயகி கன்னியர் மடத்தில் இங்கிலீசு படிப்பித்தவள். அன்றைக்கே இருந்து எழுதினாள். தோமஸ் யுத்தத்தில் இறந்துபோனார், முப்பத்தோராம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்தாயிற்று, இனி எழுத வேண்டாம். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒருவன் செத்தான் என்றால் எப்படி என்று யார் கேட்டது? படத்தை அடுப்பில் போட்டாள். ரேச்சலின் கலியாணம் நடந்தது. ரேச்சல் கூப்பிட்டுத்தான் மற்றவர்கள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். ராட்சசி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு முன்னால் நீங்கள் நின்றதில்லை.

சனிக்கிழமை வந்தது. தோமஸ் பூசைக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு அரை மணி முந்தியே வந்து உட்கார்ந்தார். கெல்வின் அழைப்பைத் தொலைக்காட்சியில் விழச் செய்தான். மரியநாயகி குசினி வாசலிலேயே நின்றுகொண்டாள். திரையில் ஒரு முகம் வந்தது. அதே நெற்றி, அதே மூக்கு. தோமஸுக்குச் சேலை கட்டிவிட்டால் இவளேதான்.

"அண்ணா" என்றாள் வெர்னிஸ். அந்த ஒரு சொல்லைக் கெல்வினிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தாள். தோமஸ் விம்மி விம்மி அழுதார். அவளும் அழுதாள். பிறகு இங்கிலீசில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

"எங்கள் குடும்பத்தில் பிள்ளை தேடுவது புதிதில்லை. அம்மாவின் பூட்டி அடிமையாக இருந்தவள். அவளுடைய நாலு வயது மகனை எசமான் விற்றுவிட்டான். விடுதலை கிடைத்த பிறகு முப்பது வருசம், மகனின் பெயரையும் அடையாளத்தையும் எழுதி, யாராவது கண்டீர்களா என்று கோயில் பத்திரிகைகளில் போட்டுக்கொண்டேயிருந்தாள். கிடைக்கவில்லை. பூட்டியின் பிள்ளையை விற்றார்கள், என் பிள்ளையைப் பெற்றவனே கொண்டுபோனான், தேடுகிற வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று அம்மா சொல்லுவாள்."

அவள் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு கல்லறை. அதில் இரண்டு பெயர்கள். லுயெல்லா என்ற பெயருக்குப் பக்கத்தில் தோமஸ்.

"நீ செத்துவிட்டாய் என்று கடிதம் வந்தது. புதைக்க ஒன்றுமில்லை. நீ விட்டுப்போன சின்னச் சட்டையை வைத்துப் புதைத்தாள். அதுவரை நிமிர்ந்து நடந்தவள், அன்றைக்குக் கூனினாள். யார் இந்தப் பொய்யை எழுதியது அண்ணா? அதை மட்டும் எனக்குச் சொல்."

கடிதத்தைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தாள். தொலைக்காட்சி முழுக்க எழுத்து. உருண்டை உருண்டையான, கன்னியர் மடத்து எழுத்து.

"அம்மா," என்று கெல்வின் திரும்பினான். "இது உங்கட எழுத்தெல்லே?"

தோமஸ் திரும்பவில்லை. கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இங்கிலீசில் சொன்னார்.

"நான்தான் எழுதச் சொன்னேன்."

வெர்னிஸ் ஒன்றும் விளங்காதவளாகப் பார்த்தாள். "நீயா?"

"நானேதான். மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்."

மரியநாயகி வாயைத் திறந்தாள். ஒரு மனிதனைச் சாகடிக்க அன்றைக்குப் பொங்கி வந்த இங்கிலீசு, அவனைக் காப்பாற்ற இன்றைக்கு ஒரு சொல்லாகக்கூட வரவில்லை.

"அம்மா அதற்குப் பிறகு பதினொரு வருசம் உயிரோடு இருந்தாள்" என்றாள் வெர்னிஸ். அவ்வளவுதான். திரை இருண்டது.

கெல்வின் திரும்பத் திரும்ப அழைப்பு எடுத்துப் பார்த்தான். பதிலில்லை. தாயின் முகத்தையும் பார்க்காமல், தகப்பனின் முகத்தையும் பார்க்காமல், கார் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மரியநாயகி வந்து புருசனின் காலடியில் நிலத்தில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? அவ உங்களை எல்லே வெறுத்துப்போட்டா. கெல்வினிட்டைச் சொல்லி நான் உண்மையை எழுதுறன்."

"நான் சொன்னது முழுப் பொய்யில்லை மரியம்." அவருடைய குரலில் கோபமேயில்லை. "நீ அண்டைக்கு என்னைக் கேட்டிருந்தா, எழுதெண்டுதான் நானும் சொல்லியிருப்பன். காப்பிலியின்ர மோள் எண்டு ரேச்சலை ஆரும் சொல்லிப்போடுவினம் எண்ட பயம் எனக்கும் இருந்தது. இந்த முடியை வைச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நானெல்லே."

ஐயோ ஆண்டவரே, மன்னித்துவிட்டார் என்றே அந்தப் பாவி மனுசி நினைத்தாள். அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்.

"ஆனா நீ கேக்கேல்லையே, மரியம். கேட்டிருந்தா, என்ர அம்மா உயிரோட இருக்கிறா எண்டாவது பதினொரு வருசம் எனக்குத் தெரிஞ்சிருக்குமே."