திறக்காத கொக்கி

சங்கிலிக்கு மாமா செய்துபோட்ட முதல் கொக்கியை அத்தை தன் கழுத்திலிருந்து கழற்றுவதற்கு, நான் காபிக்கு வெந்நீர் வைத்துவிட்டுத் திரும்புகிற நேரம்கூட ஆகவில்லை. சங்கிலியைப் படையல் தட்டில் பூக்களுக்கு மேல் சுருட்டி வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சங்கிலியில் ஒரு சிறிய வெள்ளித் தகடு. அதில் ரஸ்மினி என்று அத்தையின் பெயர், செலுக் என்று எங்கள் ஊர், கீழே என் கைபேசி எண். வழி தப்பிப் போனால் பார்க்கிறவர்கள் கூப்பிட வேண்டும் என்பதற்காக மாமாவே பொறித்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் பக்கத்து ஊரான சுகாவதியின் சந்தையில் காய் விற்கிறவள் அத்தையைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டாள். வீடு எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் அத்தை தன் பிறந்த வீட்டைச் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வெள்ளி வேலை. மற்றவர்கள் மோதிரம், காதணி என்று செய்ய, மாமா கழுத்துமாலைக்குக் கொக்கி மட்டும் செய்வார். வளையத்துக்குள் குச்சி நுழைகிற கொக்கி, பாம்பு மாதிரி வளைந்த கொக்கி, சின்னப் பெட்டிக்குள் நாக்கு போய் மாட்டிக்கொள்கிற கொக்கி. மாமா கம்பி இழுத்து, வளைத்து, பற்றவைத்து, அரம் போட்டுக் கொடுப்பார். கடைசியில் அத்தையின் கைக்குப் போகும். காதோரம் வைத்து மூடித் திறந்து பார்ப்பாள். சத்தம் சரியில்லை என்றால் மாமாவின் மடியிலேயே தூக்கிப் போடுவாள்.

"வாய் பேசலயே இது. இன்னொரு தடவ அரம் போடு."

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், இப்படிப் புருஷனை விரட்டுகிறாளே என்று பயந்திருக்கிறேன். மாமா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அரத்தை எடுத்துக்கொள்வார்.

அதனால் முதல் கொக்கி கழன்றபோது அவருக்குக் கோபம் வரவில்லை. இரண்டாவதாகப் பெட்டிக் கொக்கி செய்தார். பக்கத்தில் ஒரு தடுப்பு, அதற்கு மேல் இன்னொரு தடுப்பு. அத்தை பலாமரத்தடியில் உட்கார்ந்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கைகளையும் கொண்டுபோனாள். அவளுக்கு என் பெயர் மறந்துவிட்டது. சாப்பிட்டது மறந்துவிட்டது. விரலுக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. டிக் என்று சத்தம் வந்ததும் மாமா பட்டறையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா முர்ணி? இன்னும் அவதான் இங்க மேஸ்திரி."

அந்தச் சிரிப்பை நான் மறுபடி கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அத்தை காணாமல் போனாள். ஊரே டார்ச் எடுத்துக்கொண்டு தேடியது. வயல் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில், கால் பிசகி, கரையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. தூக்கி வந்து துணி மாற்றும்போது, "அம்மா தேடுவாங்க, என்ன விடுங்க" என்று என் கையைக் கடித்தாள்.

கப்பலில் சமையல் வேலைக்குப் போயிருக்கும் என் புருஷன் விரத்மா போனில் கத்தினான். "வாசலுக்குப் பூட்டு போடுங்கப்பா! அம்மா போய்ச் சேர்ந்த பிறகு போடப் போறீங்களா?"

"பூட்டி வைக்க அவ என்ன பன்னியாடா?" என்றார் மாமா. போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

சில நாள் பட்டறையிலிருந்து அரச் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவது கொக்கி பார்க்க ஒரு நெல்மணி அளவுதான். மூடினால் மூட்டு இருக்கிற இடமே தெரியாது. அடியில் ஒரு ஊசித்துளை. அதில் ஊசியை விட்டு அழுத்தினால்தான் நாக்கு விடும். மாமா அதை அத்தையின் கழுத்தில் மாட்டினார். மூடியதும் சத்தமே வரவில்லை.

மறுநாள் காலையில் அத்தை அதைக் கழற்ற ஆரம்பித்தாள். பலாமரத்தடியில் உட்கார்ந்து, முதலில் நிதானமாக, பழக்கப்பட்ட விதத்தில். பிறகு சங்கிலியை முன்னால் இழுத்துக்கொண்டு நகத்தால். சோற்றைக் கொண்டுபோனேன், தள்ளிவிட்டாள். வெயில் ஏறியது, மரத்து நிழல் அவளை விட்டு நகர்ந்தது, அவள் நகரவில்லை. கழுத்தைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்திருந்தது. மாமா பட்டறையில் வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். வெள்ளி பற்றவைக்கிற ஊதுவிளக்கை ஏற்றவே இல்லை.

பொழுது சாயும்போது அத்தை எழுந்து பட்டறை வாசலுக்குப் போனாள். தெரியாதவர் வீட்டுக்குப் போகிறவள் போலச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"ஐயா, வேலையா இருக்கீங்களா?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "வாங்கம்மா. உக்காருங்க."

"இத யாரோ என் கழுத்துல மாட்டிட்டாங்க. தெறக்க மாட்டேங்குது. தெறக்காததுக்குப் பேரு கொக்கியா? இதச் செஞ்சவனுக்குத் தொழில் தெரியலங்க."

"ஆமாங்க," என்றார் மாமா. "தெரியலதான்."

"எங்க வீட்டுக்காரர் செய்வாரு பாருங்க. ஒத்தக் கையில தெறக்கலாம். அவர்கிட்ட காட்டினா ஒரு நிமிஷத்துல கழட்டிக் குடுத்துடுவாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வீட்டுக்கு வழிதான் தெரியல. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா மேசையில் ஊசியைத் தேடினார். எதிரிலேயே இருந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. நான் போய் எடுத்துக் கொடுத்தேன்.

"தலையக் கொஞ்சம் குனிஞ்சுக்கங்கம்மா."

அவள் குனிந்தாள். நரைத்த கூந்தலை ஒதுக்கிவிட்டு, ஊசியை விட்டு அழுத்தினார். சங்கிலி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அத்தை கழுத்தைத் தடவி, மூச்சை நீளமாக விட்டாள்.

"நல்லா இருப்பீங்க ஐயா," என்றாள்.

அவள் தூங்கிய பிறகு மாமா அந்தக் கொக்கியைக் மண்கிண்ணத்தில் போட்டு உருக்கினார். எனக்கு விரத்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் கவலையாக இருந்தது.

மறுநாள் மதியம் அத்தை வாசலைப் பார்த்து எழுந்தாள். நான் ஓடிப்போய்த் தடுக்கப் பார்த்தேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். குடையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் பின்னால் போனார். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அதற்கடுத்த நாளும் போனார். வந்திருந்த வேலைகளையெல்லாம் தெருக்கோடி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அவருக்கு முட்டி வலி. எத்தனை நாள் இப்படி நடப்பார் என்று தெரியவில்லை. கேட்டால், "அவ நடக்கிற வரைக்கும்" என்றார்.

நேற்று மருந்து வாங்கிக்கொண்டு வரும்போது வயல் பாதையில் அவர்களைப் பார்த்தேன். அத்தை முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மாமா பத்தடி பின்னால், குடையை விரித்து, நிழல் அவள்மேல் விழாத தூரத்தில். எதிரே ஒரு கறுப்பு நாய் பாதையை மறித்துக்கொண்டு உறுமியது. அத்தை நின்றாள். திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள், விரல்களை விரித்து. பின்னால் வருவது யார் என்று நினைத்து நீட்டினாளோ. மாமா குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நொண்டியபடி, வேகமாக நடந்தார்.